எர்பியம் கலக்காத பொடி

ஒளிரக் கூடாத பொடி ஒளிர்ந்தது.

லேசரை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே பச்சை. சனியன், இருட்டறை முழுக்கப் பச்சை.

எங்கள் ஃபுளூரைடு பொடியில் எர்பியம் என்கிற உலோகத்தைத் துளி கலந்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் பட்டதும் பச்சையாக மின்னும். கலக்காவிட்டால் செத்த மாதிரிக் கிடக்க வேண்டும். இது எர்பியமே கலக்காத பொடி. என் ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் கடைசியாகக் கேட்டது இந்த ஒரு சோதனையைத்தான்.

உலகத்தில் யாரும் கலக்காத அளவு கொஞ்சமாகக் கலந்தும் எங்கள் பொடி ஒளிர்கிறது என்பதுதான் என் மொத்த ஆராய்ச்சி. என் கைடு பக்தவத்சலம் சார் அதைச் சொல்லித்தான் ஊர் ஊராகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். பொடியை வேகவைக்கிற டெஃப்லான் கிண்ணம். பழைய எர்பியத்தைக் குடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கக்குகிறது. வேறு வாங்கலாம் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். புதுசு எதுக்கு, ஆசிட் ஊற்றிக் கழுவு என்பார் சார்.

பக்கத்து லேப் சலீமிடம் புதுக் கிண்ணம் இரவல் வாங்கி அதே பொடியைச் செய்தும் பார்த்துவிட்டேன். கும்மிருட்டு. இத்தனை நாள் ஒளிர்ந்தது நான் கலந்த துளியால் இல்லை, பழைய கிண்ணம் கக்கியதால்.

மல்காஜ்கிரி சர்ச்சில் யார் கேட்டாலும் அடுத்த மாசம் என் மகள் பெர்லின் டாக்டர் ஆகிவிடுவாள் என்கிறாள் அம்மா. போன வருஷமும் அதையேதான் சொன்னாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கணவன் ரயான் புனேயில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான்.

இருந்தாலும் சாரைக் கூப்பிட்டேன். சொல்லிவிடலாம், திட்டு வாங்கலாம், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யலாம்.

சார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவருடைய நரைத்த மீசை பச்சையானது.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். பச்சையாகத் தெரிகிறதே சார் என்றேன். கிண்ணத்தைப் பற்றி, சலீமிடம் இரவல் வாங்கியதைப் பற்றி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உனக்கு முன்னாடி இந்த டேபிள்ல ராமச்சந்திரன் இருந்தான். அவனும் பச்சைன்னுதான் சொன்னான்."

பாதியில் நின்றுபோன ராமச்சந்திரன். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். அவருக்குப் படிப்பு ஏறவில்லை என்று லேபில் நாங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறோம்.

சார் லேசரை அணைக்கவில்லை. நன்றாகப் பார்த்துச் சொல், என்ன தெரிகிறது என்று கேட்டார். குரலில் அவ்வளவு அன்பு.

பார்த்தேன். மேஜை மேல் இருந்த என் விரல் நகங்கள்கூடப் பச்சையாகத் தெரிந்தன.

"இருட்டா இருக்கு சார்."