டிவிக்கு அட்சதை

பொங்கல் லீவு விட்டால் அப்பா பழைய கறுப்பு வெள்ளைக் காதல் காமெடிகளாகத் தேடிப்பிடித்துப் போடுவார். இன்றைய படத்தில் ஹீரோ ஒட்டுமீசையோடு காதலி வீட்டுக்குப் பாட்டு வாத்தியாராக வந்திருந்தான். மீசை பாதி கழன்று தொங்கியும் அங்கே ஒருவருக்கும் ஆள் தெரியவில்லை.

"பாவம்டா, சின்னஞ்சிறுசுங்க. பொண்ணோட அப்பன் சேத்து வெச்சாத்தான் என்ன கொறஞ்சிரும்?" என்றார் அப்பா, முறுக்கைக் கடித்தபடி.

அம்மா வந்தாள். "குந்தவை வந்து கேட் கிட்ட நிக்கிறா. மாப்பிள்ளையும் கூட."

குந்தவை என் அக்கா. கூட வேலை பார்த்த ஜெரால்டைக் கட்டிக்கொண்டு போனவள், இன்றுதான் முதல்முறையாக வருகிறாள்.

"இந்த வீட்டுக்கு மாப்பிள்ளைன்னு யாரும் கெடையாது. கல்யாண சீன் வரப்போகுது, அரிசியை எடு."

படத்தில் தாலி கட்டினால் அப்பா எழுந்து நின்று டிவி மேல் அட்சதை போடுவார். இன்றும் போட்டார். கண் கலங்கியது. முறுக்குத் தூள் ஒட்டிய உதட்டோடு, "நூறு வருஷம் நல்லா இருங்க" என்று திரையை வாழ்த்தினார்.

"அப்பா, அவங்க வெயில்ல நிக்கிறாங்க."

"சவுண்டைக் கூட்டுடா."

நான் சத்தத்தை மொத்தமாகக் குறைத்தேன். காதல் ஜோடி ஊமையாகச் சிரித்தது. வாசலில் கேட்டின் கொண்டி விழும் சத்தம் கேட்டது. வருகிறார்களா, போகிறார்களா என்று, தலையைத் திருப்பாமலே அப்பா காதைத் தீட்டிக்கொண்டார்.