ஒரே ஒரு முறையீடு

"கால்ல பட்டுச்சா?"

"படலக்கா."

கேப்டனுக்கு அது போதும். சொன்னது கூடப் பிறந்தவள்.

உலகப் போட்டியின் அரையிறுதி. ஆளுக்கொரு கோல் அடித்து இரண்டு ஹாக்கி அணிகளும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. முடியக் கொஞ்ச நேரமே இருக்கையில், கோலுக்கு முன்னால் இருக்கிற வட்டத்துக்குள் பந்து தங்கையின் காலில் பட்டுவிட்டது என்று விசில் ஊதி, எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டார் நடுவர். அவர்கள் கோலே போட்டுவிட்ட மாதிரி குதித்தார்கள்.

வீடியோவில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஓர் அணிக்கு ஒரே ஒரு முறையீடுதான். கேட்டது சரியென்றால் அது கையிலேயே இருக்கும். தப்பென்றால் அத்தோடு சரி. அப்புறம் நடுவர் பகலை இரவென்றாலும் வாயை மூடிக்கொண்டு ஆட வேண்டியதுதான்.

அதனால் எல்லா அணியிலும் ஒரே வழக்கம். கேப்டன் பந்துக்குப் பக்கத்தில் இருந்தவளைத்தான் கேட்பாள். ஷூவில் லேசாக உரசினாலும் உரசியவளுக்குத் தெரியாமல் போகாது.

தங்கைக்கு அணியில் 'பூட்டு' என்று பெயர். அவள் நிற்கிற பக்கம் எவளும் உள்ளே நுழைந்துவிட முடியாது. பொய் மட்டும் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. சின்ன வயதில் வீட்டில் கண்ணாடி உடைந்தால், அப்பா வாயைத் திறப்பதற்குள் ஒப்புக்கொண்டு, கூட நின்ற அக்காவுக்கும் சேர்த்து அடி வாங்கிக் கொடுக்கிற ரகம்.

கேப்டன் இரண்டு கைகளையும் ஆங்கில 'T' எழுத்து மாதிரி வைத்து நடுவரிடம் வீடியோ கேட்டாள்.

பெரிய திரையில் பந்து மெதுவாக வந்தது. மட்டையைத் தாண்டியது. தங்கையின் இடது ஷூ முனையில் பட்டு, திசை மாறிப் போனது.

அரங்கம் சிரித்தது. கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தப் பெனால்டி கார்னரை கோல்கீப்பர் விழுந்து புரண்டு தடுத்துவிட்டாள். வினை அதற்குப் பிறகு வந்தது.

கடைசி நிமிடத்தில் எதிரணிக்காரி ஒருத்தி பந்தைக் காலாலேயே தள்ளி முன்னால் போட்டு, கோலுக்குள் அடித்தாள். குறுக்கே ஆட்கள் மறைத்ததில் நடுவருக்குத் தெரியவில்லை. கோல் என்று கையைக் காட்டிவிட்டார்.

கேப்டனின் கைகள் தாமாகவே அந்த 'T' எழுத்தைப் போட்டன. நடுவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் முகத்தில்கூடக் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

கேப்டனுக்கு இனி இன்னொரு உலகப் போட்டி கிடையாது. அவள் முட்டிக்கும் அது தெரியும், தேர்வுக் குழுவுக்கும் தெரியும்.

உடை மாற்றும் அறையில் ஈரத்துண்டு வாடையும் வலி மருந்து வாடையும் அடித்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கோல்கீப்பர் மட்டும் கால் கவசத்தைக் கழற்றி எறிந்தபடி, கேப்டனுக்குத் தங்கை என்றால் என்ன புளுகு வேண்டுமானாலும் புளுகலாம் போல என்றாள். யாரும் மறுக்கவில்லை. கேப்டனும்தான். போயும் போயும் இன்றைக்கா இவளுக்குப் பொய் சொல்ல வர வேண்டும்?

மூலை பெஞ்சில் தங்கை ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். திட்டியதற்கெல்லாம் ஒரு வார்த்தை பதில் இல்லை.

அணியின் டாக்டர் வந்தார். அவள் முன்னால் மண்டியிட்டு, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடது ஷூவையும் காலுறையையும் உருவினார். பெருவிரல் வீங்கி, நகத்தடியில் கறுத்துப் போயிருந்தது. அதன்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். இன்னும் பலமாக அழுத்தினார்.

தங்கை முகம் சுளிக்கவில்லை. அவர் அழுத்துவதே அவளுக்குத் தெரியவில்லை. அவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேப்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காலையில் அந்தக் கால் தரையில் ஊன்ற முடியாமல் இருந்தது. இன்றைக்கு என்னால் முடியாது என்று தங்கை அழுதாள். நீ இல்லாமல் நாங்கள் செத்தோம் என்று கெஞ்சி, டாக்டரையும் கெஞ்சி, பயிற்சியாளருக்குத் தெரியாமல் ஊசி போடச் சொன்னது அக்காதான். பாதத்தின் முன்பாதி சாயங்காலம் வரை கட்டையாகிவிடும், எது பட்டாலும் தெரியாது என்று டாக்டர் சொன்னார். ரொம்ப நல்லதாகப் போயிற்று என்று சொன்னதும் அவள்தான். ஊசி ஏறும்போது தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியதும் அவள்தான்.

அதைத்தான் தங்கை இப்போது காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று கேப்டனுக்கு இருந்தது. எழுந்தும் விட்டாள். அதற்குள் மேலாளர் கதவைத் திறந்து, பத்திரிகைக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று கூப்பிட்டார். டாக்டர் நிமிர்ந்து கேப்டனைப் பார்த்தார். அவருக்கு வேலை, அவளுக்குக் கேப்டன் பதவி, இரண்டும் அந்தப் பார்வையில் இருந்தன. கேப்டன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தாள்.

எதிர்பார்த்த கேள்விதான் முதலில் வந்தது. உங்கள் தங்கை உங்களிடம் பொய் சொன்னாரா?

கேப்டன் தண்ணீர் குடித்தாள். மைக்கை அருகில் இழுத்தாள்.

"படலன்னு சொன்னா. நான் நம்பினேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.