வலது காது தெரிய வேண்டும்

“விசா வந்தப்புறம் மொட்டை போட்டா முருகன் வேணாம்னா சொல்லப்போறாரு?”

வேதாசலம் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. மலையிலிருந்து இறங்கி, தலை நிறையச் சந்தனத்தோடு வாசலில் நின்றாள் மனைவி கோமளவல்லி.

அடுத்த வியாழக்கிழமை மதராஸில் அமெரிக்க விசாவுக்கு இண்டர்வியூ. அமெரிக்காவிலேயே தங்கிவிட்ட மகன் சுந்தரமூர்த்தி, அப்பா அம்மாவை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள மனுப் போட்டு இரண்டு வருஷமாகிறது. பிறப்புச் சான்றுக்குச் சித்தூருக்கு நாலு நடை. போலீஸ் சான்றுக்கு ஆறு நடை. போட்டோ மட்டும் மூன்று தடவை எடுத்தார்கள். வலது காது முழுசாகத் தெரிய வேண்டுமாம்.

“போட்டோவில தலை கொள்ளாத முடி. நேர்ல மொட்டை. ரெண்டும் ஒரே ஆளுன்னு எந்த வெள்ளைக்காரன் நம்புவான்?”

“இப்போ ரெண்டு காதும் நல்லா தெரியுதுங்களே” என்றாள் கோமளவல்லி.

அவருக்கு ரத்தம் கொதித்தது.

“பேத்தியைப் பாக்கணும்னு அழுதுகினு இருந்ததும் நீ! இப்போ அதுக்கு உலை வெச்சதும் நீ!”

“வேண்டுதலுங்க. முன்னாடியே குடுக்கறேன்னு வேண்டிக்கினேன்.”

“யாரைக் கேட்டு வேண்டிக்கினே?”

கோமளவல்லி பிரசாதத்தோடு உள்ளே போனாள்.

“அவங்க பின்னாடி வரட்டும். நீங்க மட்டும் முதல்ல போங்களேன்” என்றார் எதிர்வீட்டு ஆதிகேசவன்.

“போய்? அங்க யாரோட சண்டை போடறது?”

வேறு வழியில்லை. ‘என் மனைவிக்கு முடி வளர ஆறு மாதம் அவகாசம் வேண்டும்’ என்று தூதரகத்துக்குக் கடிதம் எழுதினார். முப்பது வருஷம் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர், இப்படி ஒரு மானங்கெட்ட கடிதம் எழுதியதே இல்லை. தபால் பெட்டியில் போடும்வரை திட்டிக்கொண்டே இருந்தார்.

விசாவுக்காக எடுத்த எக்ஸ்ரே படத்தையாவது வாங்கி வைக்கலாம் என்று மறுநாள் அரக்கோணத்தில் டாக்டரிடம் போனார்.

“படத்தை உங்க வீட்டம்மா திங்கட்கிழமையே வாங்கிட்டுப் போயிட்டாங்களே” என்றார் டாக்டர். “உங்க நெஞ்சுல கறை இருக்கு. டி.பி. ஆரம்பம். மருந்துல குணமாயிடும். ஆனா இப்போ போனா விசா குடுக்க மாட்டாங்க.”

“அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே!”

“என்னையும் சொல்ல வேணாம்னாங்க. விஷயம் வெளிய தெரிஞ்சா நீங்க தெருவுல தலை காட்ட மாட்டீங்களாம். மாத்திரை முழுங்க வேண்டியவர் நீங்க, நான் எப்படி மறைக்கறது? குணமாக ஆறு மாசம் ஆகும்னேன். அதுக்கு அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.”

“என்ன கேட்டா?”

“ ‘மொட்டை போட்டா முடி வளர எத்தினி மாசம் ஆவும் டாக்டர்?’ ”