சுருங்கிய தோல்

"தோல் சுருங்கிப்போச்சு" என்றான் தம்பி, ஒரே பார்வையில். "ஒன்றரை மாசமா கட்டிலுக்கடியில கெடந்துச்சுல்ல. பின்ன என்ன ஆகும்?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனின் வலது கால் தொடைவரை மாவுக்கட்டுக்குள் நீண்டு கிடந்தது. அண்ணி தரையில் குந்தி, இடது காலில் ஷூவை ஏற்றப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தாள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஷூ பட்டறையில், அண்ணன் தனக்கென்று தைத்துக்கொண்ட ஒரே ஜோடி அது.

பட்டறையில் ஏணியிலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. "எலும்பு கூடிடும்மா, அது பயமில்ல. படுத்தே கெடந்தா கால்ல ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போச்சுன்னா நிமிஷத்துல உயிர் போயிடும். வீக்கம் தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார்.

அன்றிலிருந்து அண்ணி தினமும் காலையில் மாவுக்கட்டுக்கு மேலே தொடையில் டேப்பைச் சுற்றி அளப்பாள். வெளியே தெரியும் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பாள். அளவு ஒரு நூல்கூட ஏறவில்லை. ஆனாலும் அவள் நிம்மதியாகத் தூங்கி நாளாயிற்று.

இன்று டாக்டரைப் பார்க்கும் நாள். வாசலில் வண்டி காத்திருந்தது.

"ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்களேன். யாரு பாக்கப்போறா?"

"ஊருக்கே ஷூ தச்சவன் ரப்பர் செருப்போட நொண்டிக்கிட்டுப் போறதா? அதுக்குப் பட்டறைய இழுத்து மூடிடலாம்."

"வீம்புக்கு மட்டும் கொறச்சல் இல்ல."

"நல்ல காலும் கடுக்குதுடி. ரெண்டு நாளா ஒரே பாரம்."

"ரெண்டு பேர் வேலைய ஒத்தையா பாத்தா கடுக்காம? உங்க தம்பியக் கேளுங்க, அவனும் அதத்தான் சொல்றான்."

தம்பி சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு அண்ணனும் சிரித்தார்.

"நாளைக்குப் போய்க்கலாம் அண்ணி. மரக்கட்டையை ஷூவுக்குள்ள இறுக்கி ஒரு நாள் விட்டா விரிஞ்சிடும்" என்று தம்பி ஷூவை எடுத்துக்கொண்டான். வண்டி வெறுமனே திரும்பிப் போயிற்று.

பட்டறைக்கு வந்த வேலைகளை முடித்துவிட்டு அவன் ஷூவைக் கையில் எடுக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. அண்ணன் தன் கால் அளவுக்குத் தானே செதுக்கி வைத்திருந்த மரக்கட்டை சுவரில் தொங்கியது. தட்டி ஏற்றுவதற்குச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, கட்டையை ஷூவுக்குள் விட்டான். அது தட்டாமலே உள்ளே போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது.

சுத்தியலை அப்படியே கீழே வைத்தான். கட்டையை வெளியே இழுத்து மறுபடி உள்ளே விட்டான். பிறகு ஷூவைக் கையில் பிடித்தபடி, பட்டறையைப் பூட்டக்கூட நிற்காமல் ஓடினான்.

தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டுவிட்டது.

அண்ணி கட்டிலுக்கருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். டேப் அவள் கையில் சுற்றிக் கிடந்தது. கண் மாவுக்கட்டைவிட்டு நகரவில்லை.

"தண்ணி கேட்டாரு. கொண்டு வர்றதுக்குள்ள மூச்சு வாங்கி... அவ்வளவுதான்." அவள் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "காலையிலகூட அளந்தேனே தம்பி. ஒரு நாள் விடாம அளந்தேனே. ஒரு நூல் ஏறலையே. அப்புறம் எப்படி?"

அவன் ஷூவைக் கட்டையோடு அவள் முன்னால் வைத்தான்.

"தோல் சுருங்கல அண்ணி."