தற்காலிக வரி

ஓர் ஆய்வுக்கூடத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுதிய கணினி நிரல் ஒன்று இருந்தது. எந்த ஊரில் எவ்வளவு மழை பெய்யும் என்று அது கணக்குப் போடும். அதன் நடுவில் ஒரு பழைய வரி குடியிருந்தது. அதன் தலைக்கு மேலே ஒரு குறிப்பு: 'தற்காலிகம். அடுத்த வெளியீட்டுக்கு முன் எடுத்துவிட வேண்டும். – சுகந்தி.'

சுகந்தி படிப்பை முடித்துக்கொண்டு போய் ஆறு வருடம் ஆகிவிட்டது.

அன்று மதியம் நிரலின் புதிய பதிப்பு வெளியீடு. காலையிலிருந்தே பழைய வரி பயத்தோடு அந்தக் குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க அக்கா," என்றது போன வாரம் பக்கத்தில் வந்து சேர்ந்த புது வரி. "ஒன்பது வெளியீடு பார்த்தவங்க நீங்க."

"ஒன்பது தடவையும் இப்படித்தான் நடுங்கினேன்."

"ஆமா, இங்க உங்களுக்கு என்ன வேலை?"

"எனக்கே சரியாத் தெரியாதும்மா. யார்கிட்டயாவது கேட்டா, அப்ப நீ எதுக்குன்னு தூக்கிடுவாங்களோன்னு பயம்."

அந்த நேரம் பார்த்து, இப்போது நிரலைக் கவனித்துக்கொள்ளும் மாணவி மெர்லின் அதைத் திறந்தாள். குறிப்பைப் படித்தாள். பழைய வரியை அழித்துவிட்டு நிரலை ஓட்டினாள்.

எல்லா ஊரிலும் மைனஸ் நாற்பது மில்லிமீட்டர் மழை என்றது நிரல்.

மெர்லினுக்கு வேர்த்துவிட்டது. அவசர அவசரமாகப் பழைய வரியை இருந்த இடத்திலேயே வைத்தாள். கணக்கு சரியானது.

"பார்த்தீங்களா! இனிமே உங்களை யாரும் அசைக்க முடியாது!" என்று துள்ளியது புது வரி.

பழைய வரி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மெர்லின் குறிப்புக்குப் போனாள். 'சுகந்தி' என்ற பெயரை மட்டும் அழித்துவிட்டு, 'மெர்லின்' என்று எழுதினாள்.