முழங்கால் அளவு

வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் வெள்ளம் ஏறியிருந்தால்தான் நிவாரணம் என்று உத்தரவு வந்தது. யாருடைய முழங்கால் என்று அதில் இல்லை. பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைத்தே தீரவேண்டிய வருஷம் என்பதால், தாசில்தார், தன் ஆபீசிலேயே நெட்டையான தணிகைவேலுவை அளக்க அனுப்பிவைத்தார். தணிகைவேலு பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், சுவரில் சேற்றுக்கறை படிந்த இடத்தில் காலை ஒட்டி நின்றார். எல்லா வீட்டிலும் கறை அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. கூட வந்த பியூன் பொன்னுரங்கம் ஒவ்வொரு கதவிலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தார். தணிகைவேலுவுக்குக் கால் குறுகுறுத்தது. நின்றால் உடனே நகரவேண்டும் போலிருந்தது, நகர்ந்தால் அடுத்த வீடு வந்தது. கடைசி வீட்டில் ஆரோக்கியமேரி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. நாற்காலியெல்லாம் தண்ணியோட போயிடுச்சு. தரையிலயே உக்காருங்க சார்."

மறுக்கத் தோன்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கறை அவர் நெஞ்சுக்கு வந்தது.

"தண்ணி வந்தப்ப நாங்க படுத்திருந்தோம்," என்றாள். மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த பாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

பொன்னுரங்கம் வாசலில் சாக்பீஸோடு காத்திருந்தார். "எந்திரிங்க சார், அளக்கணும்."

தணிகைவேலு எழுந்திருக்கவில்லை. "இப்படியே அளய்யா," என்றார்.

பொன்னுரங்கம் திரும்பி, ஏற்கெனவே குறி போட்டுவிட்டு வந்த கதவுகளைப் பார்த்தார்.