யோகாவுக்கு ஒரு கிழமை

கோடைகாலத்துக்காக ஊரெல்லாம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும் ஒக்டோபர் முதல் ஞாயிறு வந்தால், வெரிபீயில் வரதராஜா வீட்டில் சண்டைதான். காரிலும் மைக்ரோவேவிலும் எந்தப் பொத்தானை அமத்துவது என்று தெரியாமல் வரதராஜா திணறுவார். அவருடைய மனைவி யோகாவோ, "ஆரைக் கேட்டு நேரத்தை மாத்துறாங்கள்?" என்று குசினிச் சுவர் மணிக்கூட்டை ஒரு கிழமைக்குத் தொடவே விடமாட்டா. அடுத்த ஞாயிறு தானே கதிரையில் ஏறி ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவா. அதுவரை அவ பழைய நேரப்படிதான்; அந்தக் கிழமை முழுக்க வரதராஜாவுக்கு ஐந்து மணித் தேத்தண்ணி ஆறு மணிக்குத்தான்.

இந்த ஜூன் குளிருக்குள் யோகா செத்துப்போனா. அதற்குப் பிறகும் பின்னேரம் ஐந்து மணிக்குத் தேத்தண்ணிக் கேத்தில், ஒருவரும் தொடாமலே, சூடாக இருந்தது. வரதராஜா ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊற்றிக் குடித்தார்.

ஒக்டோபர் வந்தது. கேத்தில் ஆறு மணிக்குச் சூடானது.

சிட்னியிலிருந்து மகள் மயூரா ஃபோன் எடுத்தாள். "அப்பா, மணிக்கூடெல்லாம் மாத்தீட்டீங்களோ?"

"ஓம் பிள்ளை. குசினியிலை மட்டும் விட்டிருக்கிறன். கொம்மாவுக்கு ஒரு கிழமை வேணுமெல்லே."



அடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது மணி ஐந்து. கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. குசினி மணிக்கூடும் ஐந்து காட்டியது. அதற்குக் கீழே, நடுவழியில், கதிரை நின்றது.

வரதராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"முப்பத்தெட்டு வருசமாச் சொல்லுறன், எடுத்ததை எடுத்த இடத்திலை வையுமெண்டு," என்று முணுமுணுத்தபடி கதிரையை மேசையடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.